பொதி முந்தியா, பிரயாணி முந்தியா?

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகின்றது. இக்காலத்துப் பிரயாணிகளுள் சிலர் இதனைத் தம் பெட்டி படுக்கைகளுக்கும் பொருத்திப் பார்க்க விரும்புகின்றனர். ஆள் பின்னே வருவதாயினும் பெட்டி முன்னே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விமானத்தில் ஏறி இறங்கி, புகையிரதத்தில் ஏறி இறங்கிச் செல்லும் நீண்ட வழியெல்லாம் தாம் கைவீசி நடக்க வேண்டும் என்பது அவர்தம் ஆசை. ஆசையிலே தவறொன்றும் இல்லை. ஆயினும் அது எவ்விடத்துக் கைகூடும், எவ்விடத்துக் கைகூடாது என்பதை அறியாமற் புறப்படுகின்றவர்கள் படும் பாடு கொஞ்சமன்று. மேற்படிப்பிற்காக மாணவரும், உறவினரைக் காண்பதற்காகக் குடும்பத்தினரும் நம் பகுதியிலிருந்து கடல் கடப்பது பெருகி வருவதால், இவ்வாரம் பொதிகளைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

மொனராகலை என்னும் சொல்லுக்குச் சிங்களத்தில் மயிற்பாறை என்பது பொருள். இங்கே மயில் உண்டு, பாறை உண்டு, இறப்பர்த் தோட்டமும் கரும்பு வயலும் உண்டு. புகையிரதம் மட்டும் இல்லை. கொழும்பிலிருந்து மலையேறி வந்த இருப்புப்பாதை 1894 இல் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர அதற்கு மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. 1924 இல் பதுளையில் வந்து நின்ற பாதை, அதற்கப்பால் ஓரடியும் நகரவில்லை. தெற்கே மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 2019 இல் ஒரு புதிய பாதை திறக்கப்பட்டது. அதனைக் கதிர்காமம் வரை நீட்டும் எண்ணம் இன்னும் எண்ணமாகவே இருக்கின்றது. ஆகவே நம்மவர் எந்நாட்டுக்குச் செல்வதாயினும் பிரயாணத்தின் முதற் பகுதி பஸ் வண்டியிலேதான். பசறை வழியாகப் பதுளைக்குச் சென்று கோச்சி பிடிப்பார் சிலர். வெல்லவாயா வழியாகக் கொழும்புக்கு நேரே செல்வார் பலர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதையைப் பல இடங்களிற் சிதைத்துவிட்டமையால், கோச்சியை நம்பிப் புறப்படுவோர் வண்டி எங்கிருந்து எதுவரை ஓடுகின்றது என்பதை முதல் நாளே நிலையத்தாரிடம் கேட்டறிந்து கொள்ளுதல் நலம்.

இதனை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடுகின்ற வண்டியிலோ பறக்கின்ற விமானத்திலோ பொதி காணாமற் போவது அரிது. ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றுமிடத்திலேதான் அது தவறிப் போகின்றது. கைமாறும் இடங்கள் எத்தனையோ, கவலையும் அத்தனை மடங்கு. மொனராகலையிலிருந்து புறப்படுகின்ற பெட்டி, விமானத்தைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே இரண்டு மூன்று முறை கைமாறிவிடுகின்றது.

இரண்டு விதமான ஊர்திகளை ஒரே பிரயாணத்தில் இணைத்துப் பொதிகளையும் உடன் அனுப்பும் முறை நமக்குப் புதிதன்று. அதனை நம் பாட்டனார் காலத்திலேயே ‘போட் மெயில்’ நமக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது. 1876 இல் தென்னிந்தியப் புகையிரதம் தூத்துக்குடியை எட்டிய பின்னர், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்கு வருவதே வழக்கமாயிற்று. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது அவ்வழி மாறியது. சென்னை எழும்பூரிற் புறப்பட்ட வண்டி தனுஷ்கோடித் துறைமேடை வரை வந்தது. அங்கே ஆவிக்கப்பல் காத்திருந்தது. ஏறக்குறைய 22 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார்த் துறைமேடை. அங்கே கொழும்புக்குச் செல்லும் கோச்சி ஆயத்தமாக நின்றது. கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று பெரிய துரைமாரின் பெயர்கள். பின்னர் இர்வினும் கோஷனும் வந்து சேர்ந்தன.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு யாதெனின், கோச்சிக்கும் கப்பலுக்கும் மறுகரைக் கோச்சிக்கும் ஒரே பிரயாணச் சீட்டு. இருப்புப்பாதை கடலோரத்துத் துறைமேடை வரை சென்றமையாற் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்கவேண்டிய அவசியமும் இல்லை. பதுளையில் ஏறியவர் பொல்காவலையில் வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு மாறி, மதவாச்சி, மன்னார் வழியாகத் தலைமன்னாரை அடைந்தார். இருந்தாலும், பிரயாணியும் பொதியும் ஒரே நேரத்தில் ஒரே கப்பலிற் கடல் கடந்தமையே அதன் உயிர்நிலை. பெட்டி முன்னே, ஆள் பின்னே என்னும் பிரிவு அங்கே இல்லை. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னால், திறக்கச் சாவியோடு ஒருவர் பக்கத்திலேயே நின்றார். இந்தச் சாவி விஷயத்தைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

பொதிகளைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் மறைத்தல் தகாது. 1867 இல் கண்டிக்கு இருப்புப்பாதை வருவதற்கு முன்னர், நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டுக்கு வந்தனர். அவர்களுடைய உடைமையெல்லாம் தலையில் ஒரு மூட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத் துரைமார் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். ஆள் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகரவில்லை கொடுக்கப்பட்டது. அவர் எத்தோட்டத்தைச் சேர்ந்தவர், எத்தனையாவது ஆள் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வில்லையைக் காட்டினால் முகாமிலே உணவும், கப்பலிலும் கோச்சியிலும் இடமும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பெரும்பாலும் அவருடைய கடனாகவே முடிந்தது. ‘டின் டிக்கட்’ என்று அதற்குப் பெயர். இன்று விமான நிலையத்திலே நம் பெட்டியின் கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டுகின்றார்களே, அதற்கும் இந்த வில்லைக்கும் வேறுபாடு அதிகமில்லை. பெட்டிக்குக் கட்டவேண்டியதை மனிதருக்குக் கட்டினார்கள். முகவரியும் சேரவேண்டிய இடமும் குறித்து அனுப்பினார்கள். இதனை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கின்றது.

திரும்பிச் சென்ற கதையும் அதே வழியிலேதான் நடந்தது. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களைப் பற்றிப் பேசிற்று. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1974 இல் அவர்களும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள்ளாகவே, 1964 டிசம்பரில் எழுந்த பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. இருப்புப்பாதையும் துறைமேடையும் போயின. அதன் பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. போர் காரணமாக 1984 இல் அக்கப்பலும் நின்றது. அதற்குள்ளே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்கரை சேர்ந்துவிட்டனர். ஊவாவின் தோட்டங்களிலிருந்து சென்றோரும் அவர்களுள் உண்டு. மலைநாட்டு நிலையங்களிலே கோச்சி நகர்ந்தபோது மேடையில் நின்றோரும் வண்டிக்குள் இருந்தோரும் கதறியழுததை அக்காலத்தவர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம்.

அம்மக்களின் உடைமைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். நான்கு தலைமுறையாக ஒரு லயத்திலே வாழ்ந்த குடும்பம், தன் வாழ்க்கை முழுவதையும் சில றங்குப் பெட்டிகளில் அடக்க வேண்டும். பித்தளைக் குடத்தை எடுப்பதா, படுக்கையை எடுப்பதா? சாமிப் படத்தை எந்தத் துணியிற் சுற்றுவது? ஆனால் அவையெல்லாவற்றினும் விலைமதிப்புள்ள பொருள் பெட்டிக்குள்ளே இருக்கவில்லை. இந்தியத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் தாய்மாரின் முந்தானை முடிச்சிலோ தந்தையாரின் மடியிலோ இருந்தன. மண்டபம் முகாமில் உதவி பெறுவதற்கும், எந்த மாவட்டத்துக்கு அனுப்பப்படுவார் என்பதற்கும், பின்னர்க் கடனோ வேலையோ கேட்பதற்கும் அந்த அட்டையே ஆதாரம். பெட்டி தொலைந்திருந்தால் குடம் ஒன்று வாங்கலாம். அட்டை தொலைந்திருந்தால் தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்ளவும் வழியிராது. எழுத்தறியாத அம்முதியோர் செய்த பாகுபாட்டை, பட்டம் பெறச் செல்லும் நம் பிள்ளைகள் சிலர் செய்வதில்லை.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலே சேரச் சென்றார். இரண்டு விமானங்கள், அதன்மேல் ஒரு புகையிரதம். சான்றிதழ்களின் மூலப் பிரதிகள் அனைத்தையும் பெரிய சூட்கேசின் அடியிலே, “பத்திரமாக இருக்கட்டும்” என்று வைத்திருந்தார். விமானங்களுக்கு வெவ்வேறு டிக்கட்டுகள் எடுத்திருந்தமையால், பெட்டி முதல் விமானம் இறங்கிய நாட்டோடு நின்றுவிட்டது. ஆள் மட்டும் போய்ச் சேர்ந்தார். பெட்டி ஐந்தாம் நாள் வந்தது. நல்ல வேளையாகப் பல்கலைக்கழகத்தார் அவகாசம் கொடுத்தனர். கொடுத்திராவிட்டால் ஓராண்டுக் காலம் வீண்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். விமானமும் புகையிரதமும் ஒரே டிக்கட்டில் இணைந்திருந்தால் பெட்டியும் இறுதி வரை தானாகச் சென்றுவிடும் என்று பலர் நினைக்கின்றனர். ஜெர்மனியிலே லுப்தான்சா விமானத்தாரும் அந்நாட்டுப் புகையிரதத்தாரும் சேர்ந்து 2001 இல் ஸ்ருட்கார்ட்டுக்கும், 2003 இல் கொலோனுக்கும் இத்தகைய இணைப்பை ஏற்படுத்தினர். கொலோன் புகையிரத நிலையத்துக்கு விமான நிலையத்தைப் போலவே மூன்றெழுத்துக் குறியீடும் உண்டு. டிக்கட்டைப் பார்த்தால் அங்கேயும் விமானம் இறங்குவது போலத் தோன்றும். ஆனால் பெட்டியோ பிராங்பேர்ட் விமான நிலையத்தோடு சரி. அங்கே சுழற்பட்டையிலிருந்து அதை எடுத்து, பிரயாணியே புகையிரதத்துக்குச் சுமந்து செல்லல் வேண்டும். சுவிற்சர்லாந்துப் புகையிரதத்தார் ஒருகாலத்தில் விமானத்துப் பொதியை நேரே ஊர் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அச்சேவையை அவர்களும் பின்னர் நிறுத்திவிட்டனர். பாதுகாப்புச் சோதனைகள் பெருகிய பின்னர், பிரயாணியின்றிப் பொதி தனியே செல்வதை எந்நாட்டாரும் முன்போல விரும்புவதில்லை. உங்கள் பெட்டியிற் கட்டிய அட்டையிலே எந்த மூன்றெழுத்து இறுதியாக இருக்கின்றதோ அதுவரையே அது செல்லும். கருமபீடத்தை விட்டு நகருமுன் அதனை வாசித்துப் பாருங்கள். கையில் தருகின்ற சிறு துண்டிலே பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். பெட்டி வராவிட்டால் அதைத் தேடுவதற்கு அந்த எண்ணே துணை.

பொதியை முன்னே அனுப்பும் கலையில் வல்லவர் யப்பானியர். யமாத்தோ என்னும் நிறுவனம் 1976 இல் வீட்டுக்கு வீடு பொதி சேர்க்கும் சேவையைத் தொடங்கிற்று. இன்று அங்கே விமான நிலையத்தில் இறங்குவோர் பெரிய பெட்டியை ஒரு பீடத்தில் ஒப்படைத்துவிட்டு, சிறு பையோடு அதிவேகப் புகையிரதத்தில் ஏறிவிடுகின்றனர். பெரும்பாலும் மறுநாளே பெட்டி விடுதிக்கு வந்துவிடுகின்றது. 2020 மே மாதம் முதல், நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 160 சென்டிமீற்றருக்கு மேற்பட்ட பெட்டியை டோக்கியோ – ஒசாக்கா வழி அதிவேக வண்டிகளிற் கொண்டுசெல்ல அதற்குரிய ஆசனத்தை முன்பதிவு செய்தல் வேண்டும் என்று விதித்தமையும் இச்சேவைக்கு ஊக்கம் அளித்தது. இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் விடுதிப் பாடசாலை மாணவரின் பெரிய பெட்டிகள் சில நாட்களுக்கு முன்னரே புகையிரதத்திற் போய்ச் சேரும். இவையெல்லாம் நேரந் தவறாத வண்டிகளும், முகவரி தவறாத தபாற்காரரும் உள்ள இடங்களில் விளைந்த வசதிகள்.

நம்மவர் மிகுதியாகச் செல்வது எங்கே? தமிழ்நாட்டுக்கே. 1984 க்கு முன் பிரிந்து சென்ற உறவினர் பலர் நீலகிரியிலே, கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் இருக்கின்றனர். தாயகம் திரும்பியோருக்காகவே தொடங்கப்பட்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் உழைத்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் நம் குடும்பத்தார் கட்டுநாயக்காவில் விமானமேறிச் சென்னையில் இறங்கி, சென்ட்ரல் நிலையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் மேட்டுப்பாளையம் சேர்கின்றனர். வானும் இருப்புப்பாதையும் இணைந்த பிரயாணம் நமக்கு இதுவே.

இதிலே பொதி எவ்வாறு போகும்? விமானத்தார் 30 கிலோவும் கைப்பையில் 7 கிலோவும் அனுமதித்தனர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியப் புகையிரதத்திலே தூங்கும் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ இலவசம்; மூன்றடுக்குக் குளிர்வண்டியிலும் 40; இரண்டடுக்கில் 50; முதல் வகுப்புக் குளிர்வண்டியில் 70; இரண்டாம் வகுப்பில் 35. ஆகவே விமானம் சுமந்த பாரத்தைப் பெரும்பாலும் புகையிரதமும் கட்டணமின்றிச் சுமந்துவிடும். இடர்ப்பாடு நிறையில் அன்று, அளவிலே. முறைப்படி 100 சென்டிமீற்றர் நீளம், 60 அகலம், 25 உயரம் என்பதற்கு மேற்பட்ட பெட்டியைப் பெட்டிக்குள்ளே (அதாவது பிரயாணிகள் இருக்கும் வண்டிக்குள்ளே) வைத்தலாகாது. பெரிய சூட்கேசுகள் சில 30 சென்டிமீற்றர் தடிப்புடையன. அவற்றை நிலையத்து லக்கேஜ் அலுவலகத்தில், வண்டி புறப்படுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னரேனும் ஒப்படைத்துப் பொதிவண்டியில் ஏற்றுதல் வேண்டும்.

லக்கேஜ் என்பதும் பார்சல் என்பதும் அங்கே இரு வேறு பொருள்கள். லக்கேஜ் உங்கள் டிக்கட்டோடு உங்கள் வண்டியிலேயே வரும். பார்சல் தனியே வரும். இடம் கிடைத்த வண்டியில் ஏறும். அதற்கு ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதைக் காட்டிப் பொருளைப் பெறவேண்டும். குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டாற் கிடங்குக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ரசீது தொலைந்துவிட்டால் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க நேரும். “முன்னே அனுப்புதல்” என்று நாம் சொல்வது இந்தப் பார்சலையே. சென்னையில் இறங்கிய அன்றே பார்சல் போட்டுவிட்டு அன்றிரவே நீங்களும் புறப்பட்டால், பொதி உங்களுக்கு முந்திப் போய்ச் சேரும் என்று எண்ணவேண்டாம். முன்னே அனுப்பியது பின்னே வருவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

சட்டத்தையும் சிறிது பாருங்கள். 1999 இல் உருவாகிய மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், சர்வதேச விமானத்திற் பதிவு செய்த பொதி சேதமடைந்தால் 7 நாட்களுக்குள்ளும், பிந்தி வந்தால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிடல் வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒருவருக்கு 1,519 சிறப்பெடுப்புரிமை அலகுகள். ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலர். இந்தியப் புகையிரதத்திலோ, பெறுமதியை முன்கூட்டியே அறிவித்து அதற்குரிய பணம் கட்டாதவருக்கு லக்கேஜுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 ரூபாய் என்றே 1990 ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. இருபது கிலோப் பெட்டி தொலைந்தால் 2,000 ரூபாய். அங்கே டொலர், இங்கே ரூபாய், எண் ஒன்றுதான். பதிவு செய்யாமல் நீங்களே கொண்டுசெல்லும் பொதியாயின், புகையிரத ஊழியரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபித்தாலன்றி ஒன்றும் கிடையாது என்கின்றது 1989 ஆம் ஆண்டின் சட்டத்தின் 100 ஆம் பிரிவு. பட்டுச்சேலையும் நகையும் பெட்டியில் வைக்கும் தாய்மார் இக்கணக்கைக் கருத்திற் கொள்வார்களாக.

இப்போது அந்தச் சாவிக்கு வருவோம். பிரயாணி வருமுன்னரே பிற நாட்டிலிருந்து வந்திறங்கும் பொதியை எந்தச் சுங்கத்தாரும் உடனே விட்டுவிடமாட்டார். இந்தியாவிலே 2016 இல் வந்த பயணப்பொதி விதிகள், பிரயாணி வருவதற்கு இரண்டு மாதம் முன்னர் வரை பொதி வந்திறங்கலாம் என்றும், அவர் வந்த பின்னராயின் ஒரு மாதத்துக்குள் அனுப்பப்படலாம் என்றும் இடங்கொடுத்தன. ஆனால் கையோடு வருவோருக்குரிய தீர்வை விலக்கை இத்தகைய பொதிக்கு அளிக்கவில்லை. கடவுச்சீட்டோடு ஆள் நேரில் வரும்வரை பெட்டி களஞ்சியத்திலே காத்திருக்கும். களஞ்சிய வாடகையும் ஏறும். ஆக, முன்னே அனுப்பி என்ன பயன்? மாணவர்களுக்கு நான் சொல்வது வேறு. தலையணையும் பாத்திரமும் போய்ச் சேருமிடத்திலே வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் வேண்டுமாயின் நீங்கள் சென்று முகவரி உறுதிப்பட்ட பிறகு வீட்டார் தபாலில் அனுப்பட்டும். இரண்டு வாரம் வராமற் போனாலும் உங்களுக்கு இடையூறு நேராத பொருளை மட்டுமே தனியே அனுப்பலாம். சான்றிதழ், மருந்து, மூக்குக்கண்ணாடி, பணம், ஒரு மாற்றுடை ஆகியன தோளிலே தொங்கும் பையை விட்டு அகலக் கூடாது. தொலைபேசிக்கு மின்னூட்டும் சேமகலத்தைப் பதிவுப் பொதியில் வைப்பதற்கு விமானத்தார் அனுமதிப்பதில்லை; அதுவும் கைப்பையிலேயே.

பொதியை அனுப்புவதிலும், இறங்குமிடத்தைச் சரியாகத் தெரிதல் சிறந்தது. திருச்சிக்கோ மதுரைக்கோ செல்லவேண்டியவர் சென்னையில் இறங்கி இரவு வண்டி தேடுவதேன்? கொழும்பிலிருந்து அவ்விரு நகரங்களுக்கும் விமானம் உண்டு. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்தும் 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கிற்று. அது சிறிய விமானமாகையால் பொதியின் நிறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளல் வேண்டும். நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. காற்றும் கடலும் இடங்கொடுக்கும் நாட்களிலேயே அதனை நம்பலாம். தலைமன்னார்த் துறைமேடைக்கு 2015 மார்ச்சில் கோச்சி திரும்பி வந்துவிட்டது. பாம்பனிலும் 2025 ஏப்ரலிற் புதிய பாலம் திறந்தாயிற்று. இரு கரையிலும் இருப்புப்பாதை ஆயத்தமாக இருக்கின்றது. நடுவிலே கப்பல்தான் இல்லை.

சென்னையில் விமானம் காலையில் இறங்கி வண்டி இரவிலே என்றால், நாள் முழுதும் பெட்டிகளுக்குக் காவலிருக்க வேண்டியதில்லை. பெரிய நிலையங்களிலே பொருள் வைப்பறை உண்டு. பிரயாண டிக்கட்டைக் காட்டவேண்டும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும். பூட்டில்லாத பையை ஏற்கமாட்டார்கள். பத்து ரூபாய்ப் பூட்டாயினும் ஒன்று போட்டுவிடுங்கள். நீலகிரிக்குச் செல்வோர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலைப்புகையிரதத்தில் ஏற ஆசைப்படுவர். 46 கிலோமீற்றர் தூரம் செல்லும் அவ்வண்டி கண்ணுக்கு விருந்து, சூட்கேசுக்கு அன்று. கோத்தகிரிக்கு அது செல்வதும் இல்லை. பெட்டியோடு போவோருக்குப் பஸ் வண்டியே வழி.

பெட்டியில் என்ன இருக்கின்றது என்று பார்த்தால், பாதி தேயிலைத் தூளாக இருக்கும். “நீலகிரியில் தேயிலைக்கா பஞ்சம்?” என்று கேட்டேன் ஓர் அம்மையாரை. “ஊவாத் தேயிலை வாசம் அங்க வருமா தம்பி?” என்றார். யூலை முதல் செப்டெம்பர் வரையான உலர்காற்றிலே விளையும் ஊவாத் தேயிலையின் மணத்தை உலகமே ஒப்புக்கொண்டிருக்கும்போது நான் என்ன சொல்வது? இரண்டு கிலோ போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி, பிற நாட்டிலிருந்து மொனராகலைக்கு வரும் பொதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய கிழக்கிலே வேலை செய்யும் நம் பெண்கள் ஊர் திரும்புமுன் பெரிய பெட்டியொன்றைக் கப்பலில் அனுப்பிவிடுவது வழக்கம். பெட்டி கொழும்புச் சுங்கத்தை அடைந்த செய்தி அவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? தோட்டத்து லயங்கள் பலவற்றுக்குத் தனி இலக்கமும் இல்லை. தனி முகவரியும் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குச் சென்று, யார் கையிலோ வந்து, நாள் கடந்தே வீட்டை அடைகின்றன; அடையாமலும் போகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்து வேலையை இழந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். பொதியின் மேல் எழுதுவதற்கு முகவரி ஒன்று வேண்டுமே! ஆதலின் பலர் நகரத்திலே தெரிந்த கடையொன்றின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி, கீழே தம் பெயரையும் தோட்டப் பிரிவையும் தொலைபேசி எண்ணையும் குறிக்கின்றனர். அதே விபரத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் வைத்தல் வேண்டும். மேலுள்ள அட்டை கிழிந்தால் உள்ளிருப்பது பேசும். எழுத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதுங்கள். கடைக்காரரிடம் முன்னரே சொல்லி வையுங்கள். பெட்டி வந்ததும் அவர் தொலைபேசியில் அழைப்பார். அன்றைக்கே முச்சக்கர வண்டியொன்றைப் பிடித்து, மழைக்கு முன் மேட்டு லயத்துக்குக் கொண்டு சேர்த்துவிடலாம்.